ஹனிபாவின் தலையில் கட்டிய மலைமீன்

ஒரு நேர்மையான மனிதரைப் பொய்யர் ஆக்கினேன். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தே செய்தேன்.

திருகோணமலையில் ஒரு மீன் ஆய்வு நிலையத்தில் மாதிரிகளைப் பாதுகாப்பது என் வேலை. மூதூர் ஹனிபா எங்களுக்கு மீன் பிடித்துத் தருபவர். நாட்கூலிக்காரர். அவரை நிரந்தரமாக்கும் கடிதம் பணிப்பாளரின் மேசையில் கையொப்பத்துக்குக் கிடந்தது.

போத்தல்களில் ஸ்பிரிட் மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க வேண்டும். பென்சிலால் எழுதிய லேபல் மீனோடு உள்ளேயே கிடக்கும். இரண்டைத் திறந்து வெளியே எடுத்தால் லேபல் மாறிப்போகும். ஒருநாள் அவசரத்தில் நான் இரண்டைத் திறந்தேன். ஒன்றில் ஹனிபா வெருகல் ஆற்றில் பிடித்த கெளுத்தி. மற்றதில் அசாமிலிருந்து பரிமாற்றமாக வந்த கிளிப்டோதொராக்ஸ். அது மலையாற்றுக் கெளுத்திகளின் ஒரு பேரினம். நெஞ்சில் மடிப்பு மடிப்பாகத் தோல் இருக்கும். பாயும் தண்ணீரில் அடிபட்டுப் போகாமல் அதனால் கல்லைப் பற்றிக்கொள்ளும். இலங்கையில் அது இல்லை.

சில வாரங்களின் பின் பணிப்பாளர் அந்த மீனை வெருகல் லேபலுடன் கண்டார். துள்ளாத குறை. புதிய கண்டுபிடிப்பென்று கொழும்புக்கு அறிக்கை போனது. வந்த பதில் ஒரே வரி: சேற்றில் ஊரும் வெருகலில், கல்லைப் பற்றும் மீனுக்கு என்ன வேலை?

அன்றே அசாம் போத்தலைத் திறந்து பார்த்தேன். உள்ளே அசாம் லேபலோடு வெருகல் கெளுத்தி. மீனையும் லேபலையும் குப்பையில் போட்டேன்.

மறுநாள் பணிப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஹனிபா, இதை எங்க பிடிச்சனீர்? உண்மையைச் சொல்லும்."

ஹனிபா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அல்லாவே, இது என்ட மீனில்ல சேர். இத நான் கண்டதே இல்ல." என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே என்ட கையால வாங்கின, சொல்லுங்களன்."

"மீன்தொட்டிக் கடையில வாங்கித் தந்திருப்பார்" என்றேன்.

கடிதம் கிழிபட்டது. கதை மூதூருக்கும் போய்ச் சேர்ந்தது. ஹனிபாவுக்கு 'மலைமீன்' என்று பட்டம் விழுந்தது.

போத்தல் மாறுவது யாருக்கும் நடக்கக்கூடிய பிழை. அது தெரிந்த பிறகு மற்றவர் தலையில் கட்டுவது பிழையல்ல, குற்றம். இப்போது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

ஓய்வுபெற்று நெடுங்காலம் கழித்து, எல்லாவற்றையும் நிலையத்துக்கு எழுதினேன். பழைய விசாரணைக் கோவையைத் திறக்க ஏலாது என்று பதில் வந்தது. என் கடிதத்தின் பிரதியோடு மூதூர் போனேன். ஹனிபா சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை மன்னியுங்கோ ஹனிபா. பிழை என்ர." கடிதத்தை நீட்டினேன்.

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "என்னட்டச் சொல்லி என்ன சேர்? எனக்குத் தெரியுந்தானே. இவனுகளுக்குக் கேக்க வாசிங்க."

நின்றபடி முழுவதையும் வாசித்தேன். பக்கத்து வியாபாரி சிரித்தான். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "அப்ப காக்கா, மலைமீன் இவர்தானா?"

"ஓம், இவர்தான்." ஹனிபா சிரிக்கவில்லை.

நான் இன்னும் சந்தை வாசலைத் தாண்டவில்லை. பின்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "மலைமீன் காக்கா, அந்தப் பாரைய வெட்டித் தாங்க."

கத்தி பலகையில் விழுந்தது. அவர் வெட்டத் தொடங்கியிருந்தார்.