அப்பா மண்டியிட்ட வெள்ளிக்கிழமை

எங்கள் அப்பா உப்பளத்தில் லோடு வண்டி ஓட்டினார். ஒருநாள் காலையில் எங்கள் சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, எதிர்வீட்டு பாயின் கடைசிப் பையன் சக்கரத்தில் அகப்பட்டுக்கொண்டான். நாலு வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ், கேஸ் எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது. ஜாமீனில் வந்த அப்பா சோற்றைத் தொடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அவரை மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வைத்தார். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் மண்டியிட்டுத் தன் பாவத்தைச் சொல்லும் அப்பா. வெகுநேரம் கழித்துத்தான் எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டார். அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். பாவமும் காய்ச்சல் மாதிரி, மருந்து கொடுத்தால் இறங்கிவிடும் என்பது என் எண்ணம்.

அம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

"பாய் ஊட்டுக்கு ஒரு எட்டு போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுங்க."

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது? ஆண்டவரே மன்னிச்சிட்டாருன்னு சாமியார் சொல்லிட்டாரு. அதோட வுடு."

அப்பா போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த கையோடு, தலையில் தொப்பியுடன் பாயே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அண்ணே, அல்லாவுக்கு செஞ்ச தப்ப அல்லா மன்னிப்பான். மனுசனுக்கு செஞ்சத அந்த மனுசன்தான் மொதல்ல மன்னிச்சு வுடணும். எங்க மார்க்கத்துல அப்டித்தான். நீங்க வருவீங்கன்னு பாத்தேன், வரல. அதான் நானே வந்துட்டேன்."

அப்பா எழுந்து பாயின் முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்தது ஒரே முறைதான். பீடத்தின் முன்னால் செய்வதுபோல இரண்டு கையையும் கூப்பி, பாயின் காலடியில் மண்டியிட்டு, தலையைத் தரைவரை தாழ்த்தினார்.

நெருப்பை மிதித்தவர் மாதிரி பாய் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "எழுந்திரிங்கண்ணே, எழுந்திரிங்க" என்றார். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. பாய் சுவரோரமாகப் பின்வாங்கி, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பாத்தியா, மன்னிக்க மாட்டேன்னுட்டாரு" என்றார் அப்பா.

அந்த மாதமே தவளக்குப்பத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போனோம். அப்பா ஞாயிறு பூசைக்கு வருவார். ஆனால் வாசலிலேயே நிற்பார், சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்க மாட்டார். சாமியார் எத்தனையோ எடுத்துச் சொன்னார். "நீங்க வுட்டுட்டீங்க சாமி, பாய் வுடலியே" என்பார். கடைசிவரை அப்படியே இருந்து செத்துப்போனார்.

சாவுக்கு பாயின் சம்சாரம் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "எங்க ஊட்டுக்காரரு மன்னிக்கத்தாம்மா வந்தாரு. தொழுகையிலயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தாரு. அப்பா வாயால ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். நாங்க அல்லாவத் தவிர யாருக்கும் அப்டி தலைய சாய்க்க மாட்டோம். அத நான் நின்னு வாங்கிக்கிட்டா எனக்குல்ல பாவம்னு பதறிட்டாரு. மறுபடி போனா மறுபடி வுழுந்துடுவாரோன்னு பயந்துக்கினே இருந்தாரு."

பாயும் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தார்.

எனக்குப் படிப்பு அதிகமில்லை. எந்த மார்க்கம் சொல்வது சரி என்று பேசுகிற தகுதியும் இல்லை. இருவருமே ஆண்டவருக்குப் பயந்தவர்கள், அது மட்டும் தெரியும். அன்று பாய் போனதும் கதவைச் சாத்தியது நான்தான். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நல்லவேளை சண்டை ஒன்றும் நடக்கவில்லை என்று மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னேன்.