முதல் நாற்காலி

சலூனில் மொத்தமே இரண்டு நாற்காலிகள். கதவை ஒட்டிய முதல் நாற்காலி மாமாவுடையது. தெருவுக்கே அவர் மாமாதான், வயது அறுபத்தெட்டு. அடுத்தது அவர் மச்சினனுடையது, மனைவியின் தம்பி. பயலுக்கு ஐம்பத்தைந்துதான். நாள் முழுக்க நின்றாலும் விசிலடித்துக்கொண்டே முடி வெட்டுவான். அந்த விசில்தான் மாமாவுக்கு ஆகவே ஆகாது.

"தம்பி முடிக்கட்டும், நான் இருக்கேன்" என்று யாராவது காத்திருந்தால் போதும், மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். முழங்கால் வலியோ உயிரை வாங்கியது. உட்கார்ந்தால் அவனுக்கு இளக்காரமாகிவிடுமே! மருந்துக் கடையில் தானே வலி மாத்திரை வாங்கி வேளைக்கொன்றாக விழுங்கினார். கூடவே ஒரு கேஸ் மாத்திரை, வயிறு கெடாதாம். மலம் தார் மாதிரி கறுத்துப் போனபோதும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் பாதி ஷேவிங்கில் தலை சுற்றியது. கத்தியைப் பிடுங்கி, ஆளையும் தாங்கியவன் மச்சினன். அதுவும் பொறுக்கவில்லை அவருக்கு.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பையில் புண் ஒன்றுமில்லை. ஏற்றிய ரத்தமோ உடம்பில் தங்கவில்லை.

"வலிக்கு ஏதாவது மாத்திரை போடறீங்களா, பெரியவரே?" என்றார் டாக்டரம்மா.

கட்டிலோரம் மச்சினன் நின்றான். அவன் முன்னால் முட்டி போச்சு என்று சொல்வதாவது!

"சேச்சே, எனக்கேது வலி?"

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மாமாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. சாயங்காலம் மனைவி தனியாக வந்தாள்.

"கடையப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்க ஆளுங்க எல்லாருக்கும் தம்பிதான் வெட்டறான். உங்க நாற்காலியிலதான். அங்கதான் வெளிச்சம் நல்லாருக்காம்."

மாமா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "என் நாற்காலியிலயா? கூப்பிடுடி டாக்டரம்மாவ!"

எந்த மாத்திரை, எத்தனை மாசம், எல்லாவற்றையும் கொட்டினார்.

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லக்கூடாதா? கேஸ் மாத்திரை இரைப்பையத்தான் காப்பாத்தும். கீழ சிறுகுடல் புண்ணாகியிருக்கும், பாத்துடலாம். உங்க வயசுக்கு அந்த வலி மாத்திரை ஆகாது. இனிமே தொடவே கூடாது."

"தொடல. எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?"

உடம்பு தேறிக் கடைக்குள் நுழைந்தபோது முதல் நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் சக்கரம் வைத்த உயரமான ஸ்டூல் ஒன்று புதிதாக நின்றது.

"உக்காந்தே வெட்டுங்க மாமா" என்றான் மச்சினன். "உங்க நாற்காலிய நான் தொடவே இல்ல. என்னமோ மறைக்கறீங்கன்னு அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயத் தொறக்க வைக்க அவளுக்கு வேற வழி தெரியல."

மாமா ஸ்டூலைத் தன் பக்கம் உருட்டினார். மெல்ல உட்கார்ந்தார். சுகமாகத்தான் இருந்தது. பக்கத்தில் விசில் ஆரம்பித்தது. ஓரக்கண்ணால் பார்த்தார்: அவனுக்கு ஸ்டூல் இல்லை. அந்த மட்டுக்கும் மனசு ஆறியது.