மகளின் இடதுகால், என் முழங்கால்

ஐம்பத்தாறு வயதில், அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு என் நிறை, உயரம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பியவன் நான். யாரும் ஏமாற்றி எழுத வைக்கவில்லை. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, நிதானமாக யோசித்து எழுதினேன்.

அணியில் சேர விரும்பியது என் மகள். ஒஸ்லோவில் மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருடம் அவளுக்கு. இடது பக்கத்தில் நின்று தடுத்து ஆடுவாள். இடதுகாலால் அவள் தூக்கியடிக்கும் பந்து மறுகரையில் நிற்கும் பிள்ளையின் காலடியில் போய் இறங்கும். நோர்வேயில் படிப்பு பள்ளிக்கூடத்தோடும் பந்து கழகத்தோடும் தனித்தனியே குடியிருக்கின்றன. அமெரிக்காவில் கல்லூரியே அணி வைத்திருக்கிறது, பயிற்றுநர்களே ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் அவர்கள் தேடும் இடத்தில் நாம் நிற்கவேண்டும். அதற்கு ஆட்டத் துண்டுகளை வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டும், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பரீட்சைப் புள்ளிகள் வேண்டும், பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் வேண்டும். எல்லாவற்றையும் அவளே செய்தாள். பயிற்றுநர்கள் ஆள் தேடும் இணையத்தளத்தில் அவளைப் பதிவுசெய்யும் வேலையை மட்டும் நான் பறித்தெடுத்தேன். அகதியாக வந்தவனுக்குப் படிவம் நிரப்புவதில் கலாநிதிப் பட்டமே கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கே பெயர் விவகாரத்தைச் சொல்லியாகவேண்டும். அவள் பிறந்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களிடம் அப்படியொன்று இல்லாததால் என் பெயரைக் கொடுத்தோம். அதனால் அவளுடைய கழகச் சட்டையின் முதுகில் இருப்பது என் பெயர். பள்ளிக்காலத்தில் எந்த அணித்தலைவனும் கூப்பிடாத பெயர், இப்போது சனிக்கிழமைகளில் பக்கக்கோட்டோரம் பறக்கிறது. ஒருநாள் நடுவர் அந்தப் பெயரைச் சொல்லி எச்சரித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

முப்பது வருடங்களாக நோர்வேப் படிவங்களில் நான் பிழைவிட்டதில்லை. ஆனால் அந்தத் தளம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலப் படிவத்தைக் கண்டதும் என் கை யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. அங்கே தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. முதற்பெயர் என்ற கட்டத்தில் முதலில் வரும் பெயரை, அதாவது என்னுடையதை, எழுதினேன். மின்னஞ்சல் முகவரியும் என்னுடையதே.

மகள் எழுதிய கடிதங்களுக்குக் கிழமைக்கணக்காகப் பதில் இல்லை. பிறகு இரண்டு கல்லூரிகள் மரியாதையாகக் கைவிரித்தன. அவள் மிகவும் விரும்பிய கல்லூரி ஒன்று மிச்சமிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிருந்து கேள்விக்கொத்து ஒன்று வந்தது, ‘அன்புள்ள’ என்று என் பெயரைப் போட்டு. மகள் பயிற்சிக்குப் போயிருந்தாள். எனக்கு மனம் குளிர்ந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள்போல் முதலில் தகப்பனிடம் கேட்கிறார்களே, பண்பானவர்கள் என்று நினைத்தேன்.

நான் மருத்துவமனையின் மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்பவன். பெற்றோரின் நோய் நொடிகளைப் பிள்ளைக்காக விசாரிப்பது எனக்குப் புதிதல்ல. பரம்பரையைப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டி ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். உயரம் நூற்று அறுபத்தேழு. நிறை எண்பத்துநான்கு. இடது முழங்கால் படியிறங்கும்போது வலிக்கும். பிரஷருக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று எனத் தினமும் இரண்டு மாத்திரை. வாரப் பயிற்சி: ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலுக்கு ஓடுவது தவிர எதுவுமில்லை. பொசிஷன் என்ன என்று கேட்டிருந்தது. களஞ்சியத் துணைப் பொறுப்பாளர் என்று எழுதினேன். ஐந்து வருடத்துக்குப் பின் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு, ஓய்வில், என்றேன்.

இரண்டாம் நாள் பயிற்றுநரின் பதில் வந்தது. இந்த முறை மகளுக்கும் பிரதி வைத்திருந்தார். உங்கள் நேர்மைக்கு நன்றி, வீடியோவைப் பார்த்தால் இப்படித் தெரியவில்லை, எங்களிடம் இருப்பது ஒரேயொரு இடம், வியாழக்கிழமை உங்களோடு பேசிவிட்டே முடிவெடுக்க முடியும் என்று எழுதியிருந்தார்.

மகள் கைபேசியோடு குசினிக்கு வந்தாள்.

“எனக்கு எப்ப அப்பா பிரஷர் வந்தது?”

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கதிரையில் இருந்து, கேள்விக்கொத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே,” என்றாள்.

மனைவி பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எண்பத்துநாலோ? டொக்டரிட்டை எழுபத்தெட்டு எண்டெல்லே சொன்னனீங்கள்?”

மகள் எழுந்து சப்பாத்துப் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டாள். அந்த மூன்று நாளும் வீட்டில் பாத்திரம் எல்லாம் கழுவியது நான்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் அவள் மடிக்கணினியின் முன் அமர்ந்தாள். நான் குசினிக்குள் இருக்கவேண்டும், கூப்பிட்டால் ஒழிய வரக்கூடாது என்பது கட்டளை. கதவிடுக்கில் காதை வைத்தேன். எங்கள் பெயர்கள் நடக்கும் விதத்தை அவள் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். நான் அவளுக்கு அதை அவ்வளவு தெளிவாக ஒருபோதும் சொன்னதில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள். இதுதான் அந்த முழங்கால் என்று பயிற்றுநருக்கு அறிமுகம் செய்தாள். சாட்சிக்காக ஒருமுறை மடக்கி நிமிர்த்திக் காட்டினேன். அது போட்ட சத்தம் அமெரிக்கா வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். பயிற்றுநர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

கண்ணைத் துடைத்த பிறகு மகளிடம், அந்தப் பதில்களைப் பார்த்தபோது என்ன செய்தாய் என்று கேட்டார். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பயிற்சிக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டேன் என்றாள். பயிற்றுநர் எதையோ குறித்துக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து, ட்வெய்ட்டா கழகத்துப் பிள்ளைகளோடு எங்கள் மைதானத்தில் ஆட்டம். பெற்றோர் முறைவைத்து வாஃபல் சுட்டு விற்பது இங்குள்ள வழக்கம். அன்று என் முறை. மாவை ஊற்றும்போது பையில் கைபேசி அதிர்ந்தது. அதே கல்லூரி. இந்த முறை ‘அன்புள்ள’ என்பதற்குப் பக்கத்தில் மகளின் பெயர் இருந்தது. என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கடிதத்தைத் திறக்காமல் விட்டேன். நாற்பது நிமிடம். அதற்குள் மூன்று வாஃபல் கருகின. நான்காவதும் பாதி கருகியதுதான்; அதை வாங்கிய நோர்வேக்காரர் ஜாமைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்தவளிடம் கைபேசியை நீட்டினேன். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள், எண்பத்துநான்கு கிலோவையும். அணி முழுவதும் ஓடிவந்து எங்களைச் சுற்றிக் குதித்தது. மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது என்னால் வாயை மூட முடியவில்லை. தொடக்கப் பள்ளிக்கூடத்தில் பந்து பொறுக்கக்கூட அழைக்கப்படாதவனின் பெயர் இனி அமெரிக்க மைதானங்களில் ஓடப்போகிறது, ஆயிரம் பேர் அதை வாசிக்கப்போகிறார்கள், எழுத்துப்பிழை வராமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

மகள் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“அங்கை சட்டையிலை பேர் போடுறேல்லையாம் அப்பா. நம்பர் மட்டும்தான்.”