சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு சமையலறை

கிச்சன் ஷோரூமிலிருந்து கொட்டேஷன் என் போனுக்கு வந்தபோது நான் அடுப்பின் முன் நின்று கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு திறந்தேன். முதல் பக்கத்தில் விலை இல்லை, படம்தான் இருந்தது. முதலியார்பேட்டையில் நாங்கள் வாங்கியிருந்த இரண்டாம் மாடி வீட்டின் சமையலறை, வேலை முடிந்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்த படம். வெளிர்நீலக் கதவுகள். மேடைமேல் ஒரு கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள். ஒரு துளி எண்ணெய்கூடத் தெறிக்காத அடுப்பு. ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை.

எங்கள் ஜன்னலுக்கு வெளியே உண்மையில் இருப்பது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும், அதற்கப்பால் மூடிக்கிடக்கும் மில்லின் மரங்களும். ஆனாலும் அந்த மலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே காற்று எப்படி இருக்கும், அந்த ஜன்னலருகே நின்று வெங்காயம் நறுக்கினால் கண் எரியுமா என்றெல்லாம் யோசனை ஓடியது. கத்தரிக்காய் அடிபிடித்துவிட்டது.

மூன்றாம் பக்கத்தின் அடியில் மொத்தத் தொகை இருந்தது. மூன்று லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் ஷிப்ட் முடித்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே போனை வாங்கிப் பார்த்தாள்.

"இது நியாயமான வெலையாங்க?"

"தெரியலியே."

"தெரியலன்னா எப்படி? நீங்கதான சமைக்கிறீங்க."

அவள் சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது. அவளுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், எனக்குக் காலை பத்து முதல் மாலை ஆறுவரை அரசாங்க அலுவலகம். கல்யாணமான முதல் வருடத்திலேயே கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் முடிந்து கூடைக்கு வருகிற மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து, கேட்கிற விலை சரியா இல்லையா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். இந்த மூன்று பக்கத் தாளுக்குச் செவுள் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த உப்பளம் பகுதியிலேயே ஒரு மர ஆசாரியிடம் போனேன். நல்ல வேலைக்காரர். புதுவீட்டுக்கு வந்து டேப் பிடித்து அளந்துவிட்டு, கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அதில் இருந்தது ஒரே வரி. 'கிச்சன் வேலை முழுவதும் – இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.'

ஷோரூம் கொட்டேஷனையும் பிரிண்ட் எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலைந்து நாள் திரிந்தேன். அலுவலகத்தில் ஒருவர், ஷோரூம்காரர்கள் எல்லாம் ஏசிக்கும் கண்ணாடிக்கும் சேர்த்து நம்மிடம் வாங்குகிறார்கள் என்றார். இன்னொருவர், ஆசாரி பாதியில் விட்டுப்போய்விடுவார், தன் மச்சான் வீட்டில் அப்படித்தான் ஆனது என்றார். எனக்கு இருவர் சொன்னதும் உண்மைபோலத் தோன்றியது. ராத்திரி படுத்தால் வெளிர்நீலக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு என் மனைவி சொன்னாள், "தாளையே பாத்துக்கினு இருந்தா என்ன தெரியும்? வாங்க, அங்கியே போய்ப் பாப்போம்." வழியில் ஒரு பெட்டிக்கடையில் சாக்பீஸ் வாங்கிக்கொண்டாள்.

யாரும் குடிவராத வீட்டுக்கு ஒரு தனி அமைதி உண்டு. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. மின்விசிறி மாட்டவில்லை. ஜன்னல்களைத் திறந்ததும் கடல்காற்று உள்ளே வந்து எந்தச் சாமானிலும் இடித்துக்கொள்ளாமல் அறை அறையாகச் சுற்றியது. கடலூர் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. சமையலறை வெறும் தரையும் நாலு சுவரும்தான். மேடையைப் பிறகு நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று பில்டரிடம் சொல்லி, வெறுமையாகவே வாங்கியிருந்தோம்.

அவள் கவிழ்த்துப்போட்ட பெயின்ட் பக்கெட்டின்மேல் உட்கார்ந்து ஷோரூம் கொட்டேஷனை வாசிக்க, நான் மண்டியிட்டுத் தரையில் வரைந்தேன். சிங்க் இருக்கும் சுவரோரமாகப் பத்தடி நீளம், இரண்டடி அகலம். அடுப்புச் சுவரோரமாக எட்டடி நீளம், அதே அகலம். இரண்டு பட்டைகளும் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு சதுரம், இரண்டுக்கும் பொதுவாக நின்றது.

"இந்தக் கட்டம் எந்தப் பக்கத்துது?" என்று கேட்டேன்.

அவள் தாளில் விரல் வைத்துப் பார்த்தாள். "பத்தடியிலயும் இருக்குது, எட்டடியிலயும் இருக்குது."

"அப்ப ஒரு மூலைக்கு ரெண்டு வாட்டி காசு."

தாளில் ஒரு வாரமாகப் பார்த்தும் கண்ணில் படாதது, தரையில் சுண்ணாம்புக் கோடாகக் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

அடுத்தது, பால்கனிக் கதவை ஒட்டித் தரையிலிருந்து கூரைவரை நிற்கப்போகிற பெரிய அலமாரி. அதற்கு மட்டும் முப்பத்தெட்டாயிரம் போட்டிருந்தார்கள். "நீ கொஞ்சம் அங்க போய் நில்லு" என்றேன். அவள் கைகளை விரித்துக்கொண்டு அலமாரியாக நின்றாள். பால்கனி வழியாக வந்து தரையில் படுத்திருந்த வெயில் பாதியாகக் குறைந்தது. அவள் குள்ளம், ஐந்தடிதான். அவளே இவ்வளவு வெளிச்சத்தை எடுத்துக்கொள்கிறாள் என்றால் ஏழடி அலமாரி என்ன செய்யும்? அவள் கீழே பார்த்துத் தன் நிழலை அளந்துவிட்டு, திரும்பி வந்து அந்த வரியை அடித்தாள்.

பிறகு மறுபடி பக்கெட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, "சரி, இப்ப மீன்கொழம்பு வைங்க, பாக்கலாம்" என்றாள்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, சிங்க்கில் மீனைக் கழுவினேன். புளியைக் கரைத்தேன். இரண்டாவது இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்து வெங்காயம் உரித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தாளைப் பார்த்து, "கத்தி அதுல இல்ல, மூணாவதுல" என்று திருத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் தூரப் போய்விட்டது. சட்டி காய்வதும் வெந்தயம் சிவப்பதும் எனக்குத் தெரிந்தன. குழம்பு கொதித்து எண்ணெய் மேலே பிரிந்து வரக் காத்திருந்தேன். இல்லாத கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன் என்று பிறகு அவள் சொன்னாள். எனக்கு அது நினைவில்லை.

"ஏங்க."

"ம்."

"ஏன் குனிஞ்சி நிக்கிறீங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். "சமைக்கிறேன்ல."

"அங்கதான் ஒன்னுமே இல்லியே. யாரு உங்கள குனியச் சொன்னது?"

உப்பளம் வாடகை வீட்டின் மேடை தாழ்வானது. யாருக்காகக் கட்டினார்களோ தெரியாது, எனக்குத் தொடைக்குச் சற்று மேலேதான் வரும். நான் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒன்பது வருடம் அதன் முன்னால் வளைந்து நின்றே பழகிவிட்டேன். முதுகுவலி என்று அலுவலக நாற்காலியை மாற்றினேன், தலையணையை மாற்றினேன். மேடையைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது மேடையே இல்லாத இடத்தில் நின்றும் என் உடம்பு வளைந்துதான் கிடக்கிறது.

அவள் எழுந்து வந்தாள். மூலையில் மிச்சமிருந்த டைல்ஸ் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டாள். நர்ஸ் கை, நோயாளியைப் பிடிப்பதுபோல என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். முழங்கையை மடக்கச் சொன்னாள். ஒரு பெட்டியை எடுத்தாள், ஒரு செங்கல்லை வைத்தாள். கை தானாகப் பலகையில் போய் இறங்கியபோது டேப்பை நீட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டு அங்குலம். கொட்டேஷனில் முப்பத்துநாலு என்று இருந்தது.

"முப்பத்துநாலு யாரு சொன்னது?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நான்தான். அந்தம்மா என் ஒயரத்தத்தான கேட்டாங்க."

உண்மைதான். நூறடி ரோட்டில் இருந்த அந்த ஷோரூமுக்கு முதல்முறை போனபோது அங்கே இருந்த பெண்மணி எல்லாக் கேள்வியையும் இவளிடம்தான் கேட்டார். மேடம் எவ்வளவு உயரம், மேடத்துக்கு மிக்சி எந்தப் பக்கம் வசதி, மேடத்துக்கு என்ன கலர் பிடிக்கும் என்று. இவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நான் அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு சமத்தாக உட்கார்ந்திருந்தேன். சமைப்பது நான் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. எதற்கு வெட்கப்பட்டோம் என்று இன்றுவரை புரியவில்லை.

"உனக்கு ஒயரமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"நான் ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி டீ போடுவேன். ஒரு மணையப் போட்டு ஏறி நின்னுக்கிறேன். நீங்க நேரா நில்லுங்க."

மறுநாள் ஷோரூமுக்குப் போன் செய்து, கொட்டேஷனைப் பற்றிப் பேச வீட்டுக்கே வரமுடியுமா என்று கேட்டேன். புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பெண்மணியே வந்தார். நாற்பது வயதிருக்கும். சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். கோட்டை மிதிக்காமல், நாங்கள் நடக்க விட்டிருந்த இடைவெளி வழியாகவே உள்ளே போனார். சிங்க் முன்னால் நின்றார், அடுப்புப் பக்கம் திரும்பினார், ஏதோ ஒரு கதவைத் திறப்பதுபோலக் கையை நீட்டினார். அந்தி வெளிச்சத்தில் அவரும் எங்களோடு அங்கே குடியிருப்பவர்போலத் தெரிந்தார்.

"இத யாரு போட்டது மேடம்?"

"அவருதான். அவருதான் எங்க வீட்ல சமையல்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பெண்மணி பையிலிருந்து பேனாவை எடுத்து என் பக்கம் திரும்பினார். "சாரி சார். உங்க ஹைட் என்ன?"

சொல்லிவிட்டு மூலையைக் காட்டினேன். அவர் குனிந்து பெருக்கல் குறியைப் பார்த்தார். "நீளத்த சொவத்துக்கு சொவம் அளந்து போட்டா இப்படித்தான் சார் ரெண்டு பக்கமும் வந்துடும். யாரும் கேக்கமாட்டாங்க" என்றார். மழுப்பவில்லை. கேட்காதவர்களுக்கு அது குறையாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. அந்தக் கணக்கை அங்கேயே கழித்தார், ஒன்பதாயிரம் குறைந்தது. அலமாரி போயிற்று. மேடை உயரத்துக்கு மட்டும், வழக்கமான அளவு இல்லை என்பதால் கீழே நீளமான கால்களும் அதை மறைக்கும் பலகையும் வேண்டும், நாலாயிரம் கூடும் என்றார். அதற்கு நான் பேரம் பேசவில்லை. கடைசியில் மூன்று லட்சத்து இருபத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது.

கிளம்பும்போது அவரே கேட்டார், "வேற எங்கியாவது விசாரிச்சீங்களா சார்?"

ஆசாரியின் தாளைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல கிரானைட் இருக்கா, சிங்க் இருக்கா, டிராயர் ஓடற சானல் என்ன கம்பெனின்னு ஒரு வார்த்த கேட்டுடுங்க. அப்புறம் எது வேணுமோ முடிவு பண்ணுங்க" என்றார்.

கேட்டேன். ஆசாரி கோபித்துக்கொள்ளவில்லை. "மர வேலை முழுசும்தான் சார் அது. நீங்க கேக்கல, நான் எழுதல" என்று சொல்லி, என் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினார். கிரானைட், சிங்க், சானல், கூலி. இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். மேடையை எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் போட்டுத் தருவதாகவும் சொன்னார். எனக்கு அவரிடமே கொடுத்துவிட ஆசையாக இருந்தது. ஆனால் கையில் ஒரு பெரிய வேலை இருக்கிறது, பொங்கல் கழித்துத்தான் தொடமுடியும் என்றார். அப்போது ஐப்பசி மாதம். வாடகையும் பேங்க் தவணையும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. "அவசரம்னா அங்கியே குடுங்க சார். அவங்க வேல மோசமில்ல" என்றார் அவரே.

ஷோரூமுக்கே கொடுத்தோம். ஆசாரி சொன்னதைவிட முப்பதாயிரம் அதிகம். ஆனால் அது எதற்கு என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. நியாயமான விலையா என்று இப்போது யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வேன்.

நாலு வாரம் என்றது ஏழு வாரமானது, மழை ஒரு காரணம். மேல்வரிசையில் ஒரு கதவின் நீலம் மற்றதைவிடச் சற்று அடர்த்தியாக வந்துவிட்டது. மாற்றித் தருகிறோம் என்றார்கள். இரண்டு நாள் பார்த்துப் பழகியபின் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பிற்பகலில் வெயில் அந்த ஒரு கதவில் மட்டும் வேறுமாதிரி தங்குகிறது.

முதுகுவலி உடனே போய்விடவில்லை. முதல் மாதம் நிமிர்ந்து நிற்பதே வலித்தது. இப்போது பரவாயில்லை. கீழே மொத்தம் பதினோரு இழுப்பறைகள் இருக்கின்றன. பத்து நிரம்பிவிட்டன. ஜன்னலுக்குக் கீழே இருக்கிற பதினோராவதில் எதை வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. என் மனைவி மணைமேல் ஏறி டீ கொதிப்பதற்காகக் காத்திருக்கும்போது, மரங்களைப் பார்த்துக்கொண்டே அதைத் திறக்கிறாள், மூடுகிறாள். சானல் ஓடுகிற சத்தமே வருவதில்லை.