தீக்கு அசராத சுவர்

அரக்கோணத்தில் ஒரு மெக்கானிக்கின் மகளாகப் பிறந்த பர்ஹீன், கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தாள். ஒரு கோடை மதியம் அங்கே மெஷின் ரூமில் தீப்பற்றியது. இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த சுவர்கள் அவை. நுரையில் தீ பிடித்ததும் கரும்புகை கிடங்கு முழுக்கச் சூழ்ந்துவிட்டது. உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த சக தொழிலாளி குப்பம்மாளைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அவள் பிழைத்தாள், நெஞ்சில் மூச்சிரைப்பு தங்கிவிட்டது.

பின்னர் பர்ஹீன் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டாள். கணவர் ஜமீல் அகமது ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவர். இருவருமாகப் பழ மண்டி வைத்தார்கள். பழங்களைத் தரம் பிரிக்கக் குப்பம்மாளையே கூப்பிட்டுக்கொண்டாள். கிருத்திகைக் கூட்டம் வந்தால் பழம் போதாது. கூட்டம் கலைந்தால் மிச்சம் அழுகும். சொந்தமாகக் குளிர் அறை கட்டிவிடுவது என்று துணிந்தார்கள்.

சென்னையிலிருந்து ஜெயப்பிரகாஷ் என்ற சுவர்ப் பேனல் விற்பனையாளர் மாதிரித் துண்டுகளோடு வந்தார்.

"நுரை பேனல்தான் எல்லாரும் போடுறாங்க மேடம். லேசா இருக்கும், குளிர் நல்லா நிக்கும்."

"தீப்புடிச்சா?"

அவர் தயங்கினார். "எரியும் மேடம். பொய் சொல்ல மாட்டேன்."

அந்தப் பதில் பர்ஹீனுக்குப் பிடித்திருந்தது. "அப்போ கொளுத்தியே பாத்துடலாம்" என்றாள்.

மண்டிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஜமீல் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். நுரைத் துண்டு குப்பென்று எரிந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் குப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகிப்போனாள். அடுத்தது ராக்வூல்: கல்லை உருக்கி இழுத்த பஞ்சு. ஜுவாலை பட்ட இடத்தில் தகரத்தின் பெயின்ட்தான் கருகியது. பஞ்சு அப்படியே இருந்தது.

"இதுல குளிர் நிக்கணும்னா சுவரு தடிமனா போடணும். உள்ள எடம் கொறையும்" என்றார் ஜமீல். "ஈரம் எறங்கிச்சின்னா பஞ்சும் வீணாப்பூடும்."

"எடம் கொறைஞ்சா பெட்டிய கொறைச்சி வெப்போம். ஈரம் எறங்காம பாத்துக்கறது உங்க கையில இருக்குதுங்க. உள்ள நின்னுகினு வேலை செய்யப்போறது குப்பம்மா அக்கா."

ஜமீல் சிரித்துவிட்டார். "ஆங், சரி."

ராக்வூல் பேனல்கள் வந்து இறங்கியதும் ஒவ்வொரு இணைப்பையும் அவரே அடைத்தார். மின்கம்பி நுழையும் துளைகளில் தீ தாங்கும் பசையைப் பூசினார். உள்ளிருந்து தள்ளினாலும் திறக்கும் கதவை வைத்தார்கள்.

முதல் மாம்பழ சீசனிலேயே சோதனை வந்தது. பக்கத்து மனைக்காரர் வேணுவின் அட்டைப்பெட்டி குடோன் பட்டப்பகலில் பற்றிக்கொண்டது. ஜுவாலை குளிர் அறையின் சுவரில் மோதியது. பர்ஹீன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"அக்கா, வெளிய வாங்க! தீ!"

"எங்கம்மா தீ? இங்க சில்லுன்னு கீது" என்றபடி குப்பம்மாள் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மற்றப் பெண்களோடு நடந்தே வெளியே வந்தாள். சுவரைத் திரும்பிப் பார்த்தபோதுதான் அவள் தீயைக் கண்டாள். பர்ஹீன் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபோது வேணுவின் குடோனில் சாம்பல்தான் மிஞ்சியிருந்தது. நல்லவேளையாக அங்கே யாருக்கும் காயம் இல்லை. குளிர் அறையின் வெளித்தகடு கருகி நெளிந்திருந்தது. பர்ஹீன் உள்ளே போனாள். புகை வாடையே இல்லை. உள்சுவரில் உள்ளங்கையை வைத்தாள், ஜில்லென்றிருந்தது. "ஏங்க, வந்து தொட்டுப் பாருங்க!" என்று கத்தினாள். ஜமீல் தொட்டார், வேணுவும் வந்து தொட்டுப் பார்த்தார். "நான் திரும்பக் கட்டறப்பவும் இதையே போட்டுக் குடு பாய்" என்றார் ஜமீலிடம்.

சாயங்காலம் பள்ளிப்பட்டிலிருந்து மாம்பழ வேன் வந்தது. கருகிய சுவரைக் கண்ட டிரைவர் இன்ஜினை அணைக்காமலே கேட்டார்: "இன்னாங்க, திருப்பி எடுத்துகினு போயிடட்டுமா?"

"எதுக்குப் போறீங்க?" பர்ஹீன் கதவை அகலத் திறந்துவிட்டாள். குளிர்காற்று அவர் முகத்தில் அடித்தது. "எறக்குங்க!"