ஐந்து வெள்ளைத் துணிகளோடு சாகாமக் குளத்துக்கு

சுனாமிக்கு முன்பு வாரம் ஒரு துணியிலாவது பூவோ இலையோ வரைந்துவிடுவேன். கடல் வீட்டுக்குள் வந்த அன்று பெயின்ற் பெட்டியும் போனது, கையும் நின்றது. சண்டை முடிந்து, உள்பாதைகளில் பயமில்லாமல் போகலாம் என்றானதும் புதிதாகப் பெயின்ற் வாங்கினேன். ஆறு மாதமாக மூடியைத் திறக்கவில்லை. என் தங்கை பஸ்லியாவுக்குப் பொறுக்கவில்லை.

"ராத்தா, சும்மா காய வைக்காம எனக்குத் தாங்க."

"சனிக்கிழமை சாகாமம் போறன். அங்கயும் கை வராட்டி முழுக்க உனக்குத்தான்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே!

காலை 6.15க்குக் கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வயல் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து குளத்துக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீற்றர். ஓட்டோவில் போய், காத்திருந்து திரும்ப 900 ரூபாய். ஓட்டிய ஹனீபா நானா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வழியெல்லாம் வேளாண்மைக் கதை.

எட்டு மணிக்குக் குளக்கட்டில் மர நிழலில் பாய் விரித்தேன். கரையோரம் அல்லி. பூத்தையல் வளையத்தில் லேஞ்சி, அதாவது கைக்குட்டை அளவுத் துணியை இறுக்கித் தூரிகையை வைத்தால், பெயின்ற் உள்ளே இறங்கவே இல்லை. மேலேயே திரண்டு நின்றது. இரண்டாவது துணியும் அப்படியே. கை போய்விட்டது என்றே நினைத்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

நானா துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன புள்ள, பெருநாள் சட்டைக்குப் போடுற மாதிரி கஞ்சி போட்டிருக்கீங்க?"

"ஓம் நானா. துணி விறைப்பா நிக்கட்டும் எண்டுதான்."

"விறைச்ச துணி வேர்வையையே குடிக்காது. பெயின்றயா குடிக்கப் போகுது?"

எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு எடுக்கும் துணி எதுவும் கஞ்சி காணாமல் வாசல் தாண்டாது. அந்தப் பழக்கம்தான் காலை வாரிவிட்டது. மீதி மூன்றையும் குளத்தில் நன்றாக அலசி, ஓட்டோவின் மேல் காயப் போட்டோம்.

முக்கால் மணி நேர வெயில் போதுமாக இருந்தது. அல்லி மொட்டின் இளஞ்சிவப்பு நூலுக்குள் ஊறிப் பரவியபோது "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்து ஒரு புல்கதிர், பிறகு ஒரு தும்பி. பதினொரு மணிக்குக் காற்று எழும்பித் தும்பியின் சிறகு கொஞ்சம் கலங்கிப்போனது, இருக்கட்டும். அவ்வளவு சந்தோஷம், சோற்றுப் பார்சலையே மறந்துவிட்டேன்.

வரையப் போகிறவர்கள் காற்றுக்கு முன் முடித்துவிடுங்கள். குடிதண்ணீர் கட்டாயம், பக்கத்தில் கடை இல்லை. துணியை முதல் நாளே கஞ்சி போக அலசிவிடுங்கள். காய்ந்த படத்தை மறுபுறமாக அயன் பண்ணினால் நிறம் நிற்கும்.

மூன்றையும் அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போதே பஸ்லியா போன் எடுத்தாள்.

"ராத்தா, பெயின்ற் எடுக்க எப்ப வரட்டும்?"

"நாளைக்கே வா. வரக்குள்ள ரெண்டு மீற்றர் வெள்ளைத் துணி கொண்டு வா. கஞ்சி மட்டும் போட்டிராத."