மஞ்சள் பொட்டு வைத்த அகராதி

தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிவரும் என்று தெரிந்த அன்றுதான் ஆங்கிலம் என்ற மொழியை நான் முதன்முதலாக மதித்தேன். எனக்குப் பதினொரு வயது, அவனுக்கு எட்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கொடி இறங்கிய கையோடு அப்பா அவனைப் புதிதாகத் திறந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஆண்பிள்ளை, நாளைக்கு உத்தியோகம் பார்க்க வேண்டியவன். பெண்பிள்ளை எந்த மொழியில் படித்தால் என்ன என்று என்னை மட்டும் கன்னியாஸ்திரீகளின் பிரெஞ்சுப் பள்ளியிலேயே விட்டுவைத்தார்கள். பிறகு அப்பா வேலை பார்த்த மில்லில் யாரோ அவரிடம், இனிமேல் பிரெஞ்சு படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பாரீசில்தான் தேட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றே என்னையும் மாற்றுவதென்று முடிவாகிவிட்டது.

மாற்றுவது சரி, எந்த வகுப்பில் போடுவது? அதைச் சொல்ல கடலூரிலிருந்து பெரியப்பா வந்தார். அவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்திலேயே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். அந்த ஒரு காரணத்துக்காக அவருக்கு எங்கள் வீட்டில் இரண்டு அப்பளம் கூடுதலாகப் போடுவார்கள். அவர் என்னை நிற்க வைத்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. "ஏ பி சி டியே தகராறு. மூணாங்கிளாஸ்ல போட்டுடு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

மூன்றாம் வகுப்பு என்றால் தம்பியின் வகுப்பு. அவன் மிகவும் பெருந்தன்மையோடு நடந்துகொண்டான். "அக்கா, நீ எம் பக்கத்துல உக்காந்துக்கோ. தெரியலன்னா என்னப் பார்த்து எழுதிக்கோ" என்றான். அவன் தலையில் அன்று நான் வைத்த குட்டு இன்றுவரை குடும்பத்தில் பேசப்படுகிறது.

பள்ளிக்கூடத்தில் விசாரித்ததில், விடுமுறை முடிந்ததும் ஒரு பரீட்சை வைப்பார்கள், அதில் தேறினால் ஆறாம் வகுப்பிலேயே சேரலாம் என்று தெரிந்தது. கையில் இருந்தது இரண்டு மாதம். பெரியப்பா சிரித்தார். போகும்போது, தானம் செய்கிற பாவனையில், அட்டை கிழிந்த தன் பழைய இங்கிலீஷ் - தமிழ் அகராதியை வைத்துவிட்டுப் போனார். தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்யட்டும் என்று உத்தரவு.

அந்த அகராதியை முதலில் புரிந்துகொண்டது நான் இல்லை, அம்மா. அம்மாவும் அதே கன்னியாஸ்திரீகளிடம் படித்து, பதினாறு வயதில் ப்ரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியவள். அந்த வருஷமே கல்யாணம். அதற்குப் பிறகு அவளுடைய பிரெஞ்சு, மருந்து பாட்டிலில் ஒட்டியிருப்பதைப் படிப்பதற்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் அவளுக்கும் சுத்தமாகத் தெரியாது. அன்று வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவிடம் வாங்கிய சங்கரா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவள், நான் முனகிக்கொண்டு பக்கம் புரட்டுவதைப் பார்த்துக் கையைக்கூடக் கழுவாமல் வந்து குனிந்தாள். பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை மேல் விரலை வைத்தாள். இன்னொன்றின் மேல் வைத்தாள். விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள் பொட்டு.

"இங்க பாருடி, இது நம்முது. இதுவும் நம்முது. இந்தப் பக்கத்துல முக்காவாசி நம்முதுடி!"

அவள் சொன்னது உண்மை. அபாண்டன், அட்மிரபிள், அம்பிஷன், ஆர்கிடெக்ட். பெரியப்பா கடலூரில் பத்து பத்தாக மனப்பாடம் செய்திருக்கக்கூடிய கடினமான வார்த்தைகள் எல்லாம் பிரெஞ்சில் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வாலைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'நாஸியோன்' நேஷன் ஆகும். 'லிபெர்த்தே' லிபர்ட்டி ஆகும். வார்த்தை நீளமாக நீளமாக எங்கள் பக்கத்து ஆளாக இருந்தது. அர்த்தம்கூடப் பார்க்க வேண்டியதில்லை. பார்த்தால் அம்மா சொன்னதே தமிழில் அச்சாகியிருக்கும். எப்போதாவது ஒன்று ஏமாற்றினால் அதற்குப் பக்கத்தில் பொட்டு வைக்காமல் விட்டுவிடுவாள்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. அம்மா அரைப்பாள், தாளிப்பாள், ஓடி வந்து பக்கம் புரட்டுவாள். நான் முதலில் சொல்கிறேனா அவள் முதலில் சொல்கிறாளா என்று போட்டி. தோற்றவர் தண்ணீர் எடுத்துவர வேண்டும். அந்தக் கோடையில் நான் எடுத்த தண்ணீரில் ஒரு குளத்தையே நிரப்பியிருக்கலாம். மே மாதம் பாதியில் நாங்கள் 'எம்' எழுத்தில் இருந்தோம். மேக்னிஃபிசென்ட் என்பதை அம்மா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று வைத்த ரசத்துக்கும் அதே பெயர்தான்.

சின்ன வார்த்தைகள்தான் எங்களைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டன. 'கெட்' என்று ஒரு வார்த்தை. அதற்கு ஒரு பக்கம் முழுவதும் அர்த்தம் போட்டிருந்தது. வாங்கு, அடை, ஆகு, எழுந்திரு, இறங்கு, போய்ச் சேர். அம்மா அதைக் கடைசிவரை படித்துவிட்டு அகராதியை மூடினாள்.

"இது இந்த வூட்டு மருமவ மாதிரிடி. இத்துனூண்டு இருக்குது, எல்லா வேலையும் அது தலையிலதான்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று யோசிக்கவில்லை.

மே கடைசியில் பெரியப்பா எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க வந்தார். நான் முப்பது வார்த்தைகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். நடுவில் இரண்டு, அவருக்கே தெரியாது. அகராதியை வாங்கிப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார். எனக்கு வானத்தில் நடப்பதுபோல் இருந்தது. அவர் விடுவாரா? "சரி, கத்திரிக்காய்க்கு இங்கிலீஷ்ல என்ன?" என்றார். தெரியவில்லை. "துடைப்பம்? கொசு? முழங்கை?" ஒன்றும் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்து, "மகாராணி மாதிரி பேசுறா, ஆனா மார்க்கெட்டுக்குப் போனா பட்டினிதான்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி, அவனுக்குக் கொசு தெரியும் என்பதால், அவரைவிட அதிகமாகச் சிரித்தான். நான் கிணற்றடியில் போய் அழுதேன்.

அம்மா வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. துடைப்பம், கொசு, முழங்கை என்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"சின்னது எல்லாம் அவங்களுது. பள்ளிக்கூடத்துக்குப் போனா அவங்களே குடுப்பாங்க. நம்முத நாம முழுசா எடுத்துக்குவோம். இன்னும் 'வி' பாக்கி இருக்குது, வா."

பரீட்சை அன்று அம்மா என்னை அழைத்துக்கொண்டு போனாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சென்னையிலிருந்து வந்தவர். கைத்தறிப் புடவை, கனத்த மூக்குக்கண்ணாடி. பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார். பசு என்பதற்கான வார்த்தையை அவரே பலகையில் எழுதிவிட்டதால் பிழைத்தேன். பசு டொமெஸ்டிக் அனிமல், ட்ரான்குவில் டெம்பரமென்ட் உடையது என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் சங்கடம். புல்லுக்கு வார்த்தை தெரியாது, வெஜிடேஷன் என்று போட்டேன். பாலுக்குத் தெரியாது, நியூட்ரிஷஸ் லிக்விட் என்று எழுதினேன். கொம்புகளை ஆர்னமென்ட்ஸ் ஆஃப் டிஃபென்ஸ் ஆக்கினேன். வால் மிகவும் படுத்தியது. கடைசியில் அது போஸ்டீரியர் எக்ஸ்டென்ஷன் ஆயிற்று.

ஹெட்மிஸ்ட்ரஸ் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் உதட்டைக் கடித்தார். வாலுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். போச்சு, தம்பி பெஞ்சுதான் என்று நினைத்தேன். அவர் மேஜை மேல் கிடந்த இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்து, நடுவில் இருந்த ஒரு பத்தியைக் காட்டி, கஷ்டமான வார்த்தைகளுக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் கேட்டார். அன்று ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு டீச்சரைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணைக் கேளுங்க, எதை வேணா கேளுங்க" என்றார். அவரும் கேட்டார். நெக்லிஜென்ஸ், ப்ராஸ்பெரிட்டி, வெர்சடைல். பதில் வர வர அந்த டீச்சரின் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பரீட்சை தேறியிருக்கிறேன். அந்தக் கால்மணி நேரத்துச் சந்தோஷம் எதிலும் கிடைக்கவில்லை.

"புல்லு, பாலு எல்லாம் ஒரு மாசம் மைதானத்துல விளையாடினா தானா வந்துடும். இதெல்லாம் அப்படி வராது" என்று சொல்லிக் காகிதத்தில் ஆறாம் வகுப்பு என்று எழுதினார். பிறகு, கதவோரம் நின்றிருந்த அம்மாவைப் பார்த்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று தமிழில்தான் கேட்டார்.

அந்நிய மனிதர்கள் எதிரில் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அன்று நிமிர்ந்தாள். "மதாம், நோ ப்ரொஃபெஸர். மதர், டாட்டர், டிக்ஷனரி" என்றாள்.

எனக்கு உடம்பு கூசியது. ஜெயித்த இடத்தில் இவள் எதற்கு வாயைத் திறக்கிறாள்? ஹெட்மிஸ்ட்ரஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அம்மா எதுவரை படித்திருக்கிறாள் என்று கேட்டார். ப்ரெவே என்று அம்மா சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாக இங்கிலீஷிலேயே நெடுநேரம் பேசினார். பெரிய வார்த்தைகள் எல்லாம் என் காதில் தெளிவாக விழுந்தன. வேகன்ஸி. இன்ஃபன்ட். சர்டிஃபிகேட். பெர்மிஷன். அவற்றுக்கு நடுவில் ஓடிய சின்னச் சின்ன வார்த்தைகளைத்தான் பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஏதோ கேட்டார். அம்மா மடியில் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு, "பாஸிபிள், மதாம்" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் நான் அழுகிற நிலையில் இருந்தேன். இன்ஃபன்ட் என்றால் கைக்குழந்தை. ஆறாம் வகுப்பு என்று எழுதிவிட்டு என்னை எதற்குக் குழந்தைகள் வகுப்பில் போடப் பார்க்கிறார்கள், இவள் எதற்கு அதற்குத் தலையாட்டினாள்?

"உன்ன இல்லடி" என்றாள் அம்மா.

"பின்ன யாரை?"

கடற்காற்றில் முந்தானை பறக்க, நான் ஓடினால்தான் எட்டிப் பிடிக்க முடிகிற வேகத்தில் நடந்தாள். நான் தேறியதில் அவளுக்கு இவ்வளவு பூரிப்பா என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வாரம் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. பெரியப்பா இரண்டு தடவை பஸ் பிடித்து வந்தார். "நம்ம வூட்டுப் பொம்பளைங்க வெளிய போய் சம்பாரிச்சிதான் ஆவணுமா?" என்று கத்தினார். ஆறாம் வகுப்பில் சேர்வதற்குள் என் உத்தியோகத்தைப் பற்றி இவருக்கு என்ன கவலை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று தலையைக் குனிந்துகொண்டே, "படிச்ச படிப்பு எதுக்கண்ணே வீணாப் போவணும்" என்றார். என்மேல் அப்பாவுக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று நெகிழ்ந்துபோனேன். அம்மாவுக்கு நான்தான் ஒரு வெள்ளைக் காகிதம் கிழித்துக் கொடுத்தேன். அவள் அதில் எதையோ நான்கு தடவை அடித்து எழுதிவிட்டு, கையெழுத்துக்காக அப்பாவிடம் நீட்டினாள். என்னைச் சேர்ப்பதற்கான விண்ணப்பம்தான் அது, வேறென்ன.

பள்ளி திறந்த அன்று தம்பி முன்னால் ஓடிவிட்டான். நானும் அம்மாவும் சேர்ந்து நடந்தோம். அவள் கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற வாயில் துணிப் புடவையைக் கட்டி, இழுத்து வாரிக் கொண்டை போட்டிருந்தாள். ஆறாம் வகுப்புப் பெண்ணை அம்மா கையைப் பிடித்து வந்து விட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? வாசல் வந்ததும், "நீ போம்மா, நான் போய்க்கிறேன்" என்றேன்.

"சரி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரக் கிழவர் அவசரமாக எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றார். எந்த டீச்சர் வருகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.